ராம் விலை எகிறுது... புது கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணலாமா, பரணில் கிடக்கும் பழசே போதுமா?

"இப்போதைக்கு ராம் கம்மியா போட்டுக்கங்க சார், பிறகு ஏத்திக்கலாம்." வீட்டுக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போன யாரும் கடையில் இதைக் கேட்காமல் வந்திருக்க மாட்டார்கள். நல்ல யோசனைதான். ராம் விலை காலப்போக்கில் இறங்கும், கையில் காசு சேரும்போது இன்னொன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கு இப்போது தலைகீழாகிவிட்டது. 2025 செப்டம்பருக்குப் பிறகு ஏறத் தொடங்கிய ராம் விலை, அந்த ஆண்டு முடிவதற்குள் பல வகைகளில் இரண்டு, மூன்று மடங்கு ஆனது. முன்பெல்லாம் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் பில்லில் ராம் என்பது ஒரு சின்ன வரி. இன்று அது பிராசசரோடு போட்டி போடுகிறது.

கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்கு கம்ப்யூட்டர் வாங்கக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய அடி. ஏன் இப்படி ஆனது, இப்போது என்ன செய்யலாம்? பார்ப்போம்.

விலை ஏன் ஏறியது?

உலகில் ராம் சிப் தயாரிப்பில் பெரும் பங்கு மூன்றே நிறுவனங்களிடம் இருக்கிறது. தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். கடையில் விதவிதமான பிராண்டு ராம்கள் இருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் சிப் பெரும்பாலும் இந்த மூவரிடமிருந்துதான் வருகிறது.

இந்த மூன்று நிறுவனங்களுக்கும் இப்போது பெரிய வாடிக்கையாளர், ஏஐ டேட்டா சென்டர்கள். அவற்றுக்குத் தேவைப்படுவது ஹெச்பிஎம் என்ற அதிவேக மெமரி. ஒரு ஜிபி ஹெச்பிஎம் தயாரிக்க, ஒரு ஜிபி சாதாரண டிடிஆர்5 ராமுக்கு ஆகும் சிலிக்கான் வேஃபரைப் போல சுமார் மூன்று மடங்கு தேவை என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. அதாவது, ஏஐக்குப் போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் நம்ம வீட்டு கம்ப்யூட்டருக்கு வரவேண்டிய மூன்று ஜிபி குறைகிறது.

2025 அக்டோபர் 1ஆம் தேதி ஓப்பன்ஏஐ நிறுவனம் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ் இரண்டுடனும் ஒப்பந்தக் கடிதம் போட்டது. மாதத்துக்கு 9 லட்சம் வேஃபர் வரை தேவைப்படலாம் என்று அப்போது சொல்லப்பட்டது. டிசம்பர் 3ஆம் தேதி மைக்ரான் இன்னொரு அறிவிப்பை வெளியிட்டது. பொதுமக்களுக்கு ராம், எஸ்எஸ்டி விற்றுவந்த தன் 'குரூஷியல்' பிராண்டை 2026 பிப்ரவரியோடு நிறுத்துவதாக அறிவித்தது. வீட்டில் சொந்தமாக கம்ப்யூட்டர் மாட்டுபவர்களுக்கு நன்கு பழக்கமான பெயர் அது.

மாணவர்கள் விரும்பி வாங்கும் குட்டி கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பையும் தப்பவில்லை. மெமரி விலையைக் காரணம் காட்டி 2025 டிசம்பர் 1ஆம் தேதி பல மாடல்களின் விலையை அந்த நிறுவனம் உயர்த்தியது.

குஜராத்தில்தான் மைக்ரான் ஆலை இருக்கே?

பலருக்கும் வரும் கேள்வி இது. குஜராத்தின் சனந்தில் அமைந்திருப்பது சிப்பை பேக்கிங் செய்து சோதிக்கும் ஆலை. சிலிக்கான் வேஃபரில் சிப்பை உருவாக்கும் வேலை வெளிநாட்டில்தான் நடக்கிறது. தட்டுப்பாடு இருப்பது அந்த வேஃபருக்குத்தான். புது வேஃபர் ஆலை கட்டி உற்பத்தி தொடங்க ஆண்டுக்கணக்கில் ஆகும். 2026க்குப் பிறகும் இந்த இறுக்கம் நீடிக்கும் என்று மைக்ரான் 2025 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. 1993 ஜூலையில் ஜப்பானின் நிஹாமாவில் இருந்த சுமிடோமோ ரசாயன ஆலையில் வெடிவிபத்து ஏற்பட்டது. சிப்பை மூடிப் பாதுகாக்கும் எபாக்ஸி பிசினில் உலகத் தேவையின் பாதிக்கும் மேல் அங்கேதான் தயாரானது. உடனே ராம் விலை எகிறியது.

2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் ஆலைகள் மூழ்கின. சில வாரங்களில் கடைகளில் ஹார்டு டிஸ்க் விலை ஏறக்குறைய இரட்டிப்பானது.

ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. அவை விபத்துகள். தண்ணீர் வடிந்தது, ஆலை ஓடியது, விலை இறங்கியது. இந்த முறை எந்த ஆலையும் மூழ்கவில்லை, வெடிக்கவில்லை. அதிக லாபம் தரும் வாடிக்கையாளரை நிறுவனங்கள் தேர்ந்தெடுத்திருக்கின்றன, அவ்வளவுதான். அதனால் "ரெண்டு மாசம் பொறுத்தா இறங்கிடும்" என்று காத்திருப்பது இப்போது நிச்சயமான வழி இல்லை.

தருமபுரிக்கு இதில் என்ன சம்பந்தம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி. மாநில அளவு 80.09 சதவீதம், தருமபுரியில் 68.54 சதவீதம். அதே மாவட்டத்தில்தான் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி 2013 முதல் இயங்குகிறது. அரசு கலைக் கல்லூரிகளும் இருக்கின்றன. குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பட்டப்படிப்புக்கு வரும் ஒருவருக்கு, வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருப்பதும் இல்லாததும் படிப்பையே தீர்மானிக்கும். மொபைலில் பாடம் பார்க்கலாம். புரோகிராம் எழுதிப் பழகுவதும் பிராஜெக்ட் ரிப்போர்ட் டைப் செய்வதும் மொபைலில் முடிகிற காரியமில்லை.

பாகங்கள் வாங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை போகவேண்டிய அவசியம் தருமபுரிக்காரர்களுக்கு இல்லை. தேசிய நெடுஞ்சாலை 44இல் ஒரு பக்கம் சேலம், மறுபக்கம் பெங்களூரு. ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் ராம் விலை சியோலில் தீர்மானமாவதுதான்.

இங்கேதான் பரணைத் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி மாணவர்களின் வீடுகளுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப்கள் வந்தன. அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கமும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த அந்த லேப்டாப் இன்றும் பையோடு மூலையில் இருக்கும் வீடுகள் உண்டு. "ரொம்ப ஸ்லோ" என்பதுதான் அதை ஓரம் கட்டக் காரணம்.

பழைய லேப்டாப்பை எப்படி எழுப்புவது?

ஆரம்பகால இலவச லேப்டாப்களில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். அந்த ஹார்டு டிஸ்க்தான் மந்தத்துக்கு முதல் காரணம். அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி மாட்டினால், ஆன் ஆகும் நேரத்திலேயே வித்தியாசம் தெரியும். எஸ்எஸ்டி விலையும் ஏறித்தான் இருக்கிறது. ஆனால் படிப்புக்கு 240 அல்லது 256 ஜிபியே போதும்.

அடுத்தது ராம். 2 ஜிபியை 4 ஜிபி ஆக்கினால் பிரவுசர் ஓரளவு நிம்மதியாக ஓடும். இதில் ஒரு எச்சரிக்கை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று பொருந்தாது. கீழ்ப்பக்க வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும், அழுத்தி மாட்டினால் ஸ்லாட் உடையும். டிடிஆர்3இலேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என இரண்டு வகை உண்டு. பழைய ராமைக் கழற்றிக் கையில் எடுத்துப்போய் அதே வகையைக் கேட்பது பாதுகாப்பு.

சர்வீஸ் கடைகளில் ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏமாற்று வேலை இல்லை. நாள்பட்ட பின்களில் அழுக்கும் மங்கலும் படிந்து தொடர்பு விட்டுப்போகும். ரப்பர் அதைத் துடைத்தெடுக்கிறது. 'பீப்' சத்தத்தோடு நின்றுபோன எத்தனையோ கம்ப்யூட்டர்கள் இப்படித்தான் உயிர் பெற்றிருக்கின்றன.

விண்டோஸ் என்ன ஆகும்?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொள்பவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை பிராசசராவது வேண்டும். 2017க்கு முந்தைய லேப்டாப்கள் இதில் தேறாது.

அதற்காகத் தூக்கிப்போட வேண்டாம். லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, லுபுண்டு போன்றவை குறைந்த ராமில் ஓடும், இலவசம், பாதுகாப்பு அப்டேட்டும் உண்டு. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அன்றைய இலவச லேப்டாப்களிலேயே விண்டோஸுடன் சேர்த்துத் தரப்பட்டது. சி, பைத்தான் பழகவும், லிப்ரே ஆபீஸில் தமிழில் டைப் செய்யவும் இது போதும். வீடியோ எடிட்டிங், புது கேம் போன்றவை ஓடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பழைய டெஸ்க்டாப்பில் எதை எடுத்துக்கொள்ளலாம்?

மானிட்டர், கீபோர்டு, மவுஸ், கேபினட் நான்கையும் புது அசெம்பிள்டு கம்ப்யூட்டருக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். விஜிஏ மட்டும் உள்ள மானிட்டருக்கு ஹெச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வேண்டியிருக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பத்து வருடப் பழசு உள்ளே கெபாசிட்டர் உப்பியிருக்கலாம். அது போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போகும். பெட்டி மாதிரி பெரிய சிஆர்டி மானிட்டரை வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதன் கண்ணாடியில் ஈயமும் இருக்கிறது. குப்பையில் வீசாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

பட்டையான ரிப்பன் கேபிள் போட்ட பழைய ஐடிஇ ஹார்டு டிஸ்க் இருந்தால் அதை வேலைக்கு வைக்கவேண்டாம். யுஎஸ்பி கன்வெர்ட்டர் மூலம் உள்ளே இருக்கும் குடும்பப் போட்டோக்களை மட்டும் மீட்டுக்கொள்ளுங்கள்.

புதுசுதான் வேண்டும் என்றால்?

2025-26 மாநில பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தர ரூ.2,000 கோடி அறிவிக்கப்பட்டது. விநியோகம் 2026 ஜனவரியில் தொடங்கியது. உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தப் பட்டியலில் வருகிறாரா என்று முதலில் கல்லூரியில் விசாரியுங்கள். வந்தால், கடன் வாங்கி இன்னொன்று வாங்கும் அவசரம் இல்லை.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, தனித்தனியாக வாங்குவதைவிட ராமோடு வரும் ரெடிமேட் அல்லது செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் கம்ப்யூட்டர் இப்போது மலிவாக இருக்கக்கூடும். இரண்டு விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். மெம்டெஸ்ட் சோதனையை ஓடவிட்டு ராமில் பிழை இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

இரண்டு, கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசசரை எடுத்தால் தனி கார்டு செலவு மிச்சம்.

மூன்று, பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது உள்ளே இருக்கும் ராமுக்கு என்ன விலை போடுகிறார்கள் என்று கேளுங்கள். பழைய டிடிஆர்4 ராமுக்கும் இப்போது நல்ல மதிப்பு உண்டு. "பழைய சாமான்தானே" என்று மொத்தமாகத் தள்ளிவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

"பிறகு ஏத்திக்கலாம்" என்பது இப்போதைக்கு நம்பக்கூடிய யோசனை இல்லை. கடைக்குப் போவதற்கு முன் பரணில் ஏறி அந்த லேப்டாப் பையை இறக்கிப் பாருங்கள். சார்ஜர் போட்டு லைட் எரிந்தால், இந்த வருஷப் படிப்பை அதிலேயே தொடங்கிவிடலாம்.