வரைபடத்தில் மக்களின் குரல்

ஒரு நகரின் எதிர்காலம் முதலில் தாளில்தான் எழுதப்படுகிறது. எங்கே வீடுகள் எழலாம், எங்கே தொழிற்சாலைகள் அமையலாம், எந்நிலம் திறந்தவெளியாகவே இருத்தல் வேண்டும் என்பவற்றை முழுமைத் திட்டம் வரையறுக்கிறது. வரைபடத்தில் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் ஒரு நிறம் உண்டு. அந்நிறம் மாறினால் நிலத்தின் விலை மாறும். அங்கு வாழ்வோரின் வாழ்வும் மாறும்.

இம்முடிவில் மக்கள் பங்கேற்பது சலுகையன்று, உரிமை. வரைவுத் திட்டத்தை வெளியிட்டு, மக்களின் மறுப்புகளையும் கருத்துரைகளையும் பெற இரண்டு மாதங்களுக்குக் குறையாத காலம் அளிக்க வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். 74ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளுள் நகரத் திட்டமிடலையே முதலாவதாக வைத்துள்ளது.

ஆயினும் உரிமை ஏட்டில் இருப்பது வேறு. கைக்கு எட்டுவது வேறு. புல எண்களும் தொழில்நுட்பச் சொற்களும் நிறைந்த வரைவைப் பொதுமக்கள் எளிதில் படித்தறிய இயலாது. கட்டடம் எழும்பிய பின்னரே பலர் செய்தி அறிகின்றனர். அதற்குள் மறுப்புரைக்கும் காலம் கடந்துவிடுகிறது.

திட்டமிடல் வல்லுநரின் பணி, மக்களைக் கேட்டால் காலந்தான் வீணாகும் என்பாரும் உளர். வல்லுநரின் அறிவு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால், மழைக்காலத்தில் நீர் எங்கே தேங்கும், எவ்வழியே வடியும் என்பதை ஆண்டுதோறும் கண்டவர்கள் அங்கு வாழ்பவர்களே. சென்னையின் தெற்கேயுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுற்றுப்புற ஏரிகளின் உபரிநீரைத் தாங்கிக் கடலை நோக்கி அனுப்புவது. மக்கள் வழக்கில் அது கழுவெளி. அப்பெயரிலேயே அதன் இயல்பு விளங்கும். நெடுங்காலம் அது பாழ்நிலமாகவே கருதப்பட்டது. குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் அதன் பரப்பைச் சுருக்கின. 2015ஆம் ஆண்டுப் பெருமழையில், அருகிலுள்ள வேளச்சேரி முதலிய பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. 2022இல் அச்சதுப்புநிலம் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நிலத்தின் பெயரைக் கேட்டறிந்திருந்தாலே அதன் பயனும் புலப்பட்டிருக்கும்.

மக்கள் கூறுவன அனைத்தும் பொதுநலம் சார்ந்தவை அல்ல. குப்பைக் கிடங்கு தேவை, ஆனால் தம் தெருவில் வேண்டா என்பதும் மக்களின் குரலே. எனவே, பங்கேற்பு என்பது ஒவ்வொரு கோரிக்கையையும் ஏற்பதன்று. ஒவ்வொன்றுக்கும் காரணத்துடன் விடையளிப்பது. வரைவு எளிய தமிழில் வார்டு அலுவலகங்களில் வைக்கப்பட வேண்டும். பகுதி சபைகளில் அது விவாதிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்ட கருத்துரைகளுக்கான காரணங்களும் வெளியிடப்பட வேண்டும்.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஆம் ஆண்டை எல்லையாகக் கொண்டு 2008இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டில் பிறந்த குழந்தை, அத்திட்டம் முடியும் ஆண்டில்தான் வாக்குரிமை பெறுகிறது. அக்குழந்தை வளர்ந்த தெருவையும் ஆடிய திடலையும் பிறர் முடிவு செய்தனர். அடுத்த திட்டத்தின் வரைபடத்தைப் படித்தறிந்து வினா எழுப்புவது இன்றைய இளைஞரின் கடமையாகும்.