ஓடாத படம்

"சார், வீடியோ ஓடலை."

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் காலை லோக்கலுக்கு நிற்கிற இளைஞர்களிடம், நான் கம்ப்யூட்டர் சமாசாரம் எழுதுகிற ஆசாமி என்று யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து வேப்பம்பட்டு வருவதற்குள் ஒரு பென் டிரைவ், திருநின்றவூரில் இன்னொன்று, ஆவடியில் கூட்டம் நெருக்கும்போது சட்டைப்பையில் மூன்றாவது. மச்சான் கல்யாணம், ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியது, குழந்தை முதல் தடவை நடந்தது. வியாதி மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

'ஓடலை' என்பது டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்பது மாதிரி. ஜுரமா, பல்வலியா, ஆபீஸ் போகப் பிடிக்கவில்லையா என்று சொன்னால்தானே மருந்து? எனவே முதலில் கேட்பேன். சத்தம் வருதா? வருது சார், படம்தான் கறுப்பா இருக்கு. அப்படியானால் பயமில்லை. படம் வருது, சத்தம்தான் இல்லை. அதுவும் பயமில்லை. விட்டு விட்டு நொண்டுது? கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது. எதுவுமே வரலை, ஃபைல் சைஸ் பூஜ்யம்னு காட்டுது? அப்படியே கர்ச்சீப்பை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றாவது, நான்காவது கேஸ்களை அப்புறம் பார்ப்போம். முதல் இரண்டுதான் பத்துக்கு எட்டு. அதற்குக் காரணம், ஃபைல் பெயரின் வாலில் இருக்கும் எம்பி4, ஏ.வி.ஐ., எம்.கே.வி. போன்ற எழுத்துகளை நாம் அளவுக்கு மீறி நம்புவது. அவை வெறும் கவர். நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. கும்மிடிப்பூண்டிப் பக்கம் பாதி வீடுகளில் இரண்டு பாஷையும் புழங்கும். ஒரே கலர் இன்லேண்ட் லெட்டர்தான். உள்ளே ஒன்று தமிழ், ஒன்று தெலுங்கு. தமிழ் மட்டும் தெரிந்தவர் கவரை அழகாகப் பிரித்துவிட்டு, உள்ளே ஜிலேபி ஜிலேபியாக இருப்பதைப் பார்த்து முழிப்பார். லெட்டர் கெட்டுப்போகவில்லை. வாசிக்கத் தெரிந்த ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பாஷைக்குப் பெயர் கோடெக். படத்துக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று என்று ஒரே கவருக்குள் இரண்டு பாஷை இருக்கும். ஒன்று தெரிந்து மற்றது தெரியாவிட்டால் ஊமைப் படம், அல்லது ரேடியோ.

எதற்கு இத்தனை பாஷை, படத்தை அப்படியே எழுதிவைத்தால் என்ன என்று கேட்பீர்கள். கணக்குப் போடுங்கள். ஃபுல் எச்.டி. படம் ஒன்றில் 1920 பெருக்கல் 1080 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட். செகண்டுக்கு 25 படம். ஒரு செகண்டுக்கே சுமார் 155 மெகாபைட் வருகிறது. 4.7 ஜி.பி. டிவிடி ஒன்று முப்பதே செகண்டில் நிரம்பிவிடும். கெட்டிமேளம் சொல்லி அட்சதை போட்டு முடிப்பதற்குள் டிஸ்க் காலி!

எனவே சுருக்குகிறார்கள். முழுப்படம் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, அதற்கப்புறம் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டே போவார்கள். மணமேடையில் பின்னாலிருக்கும் தெர்மோகோல் பிள்ளையார் நகரவில்லை, அவரைத் திரும்ப எழுத வேண்டாம். மாப்பிள்ளையும் பெரும்பாலும் நகர்வதில்லை. புகை மட்டும் நகர்கிறது, அதை எழுது. நடுவில் அந்த முழுப்படம் ஒன்று பழுதானால்தான் சித்தப்பா முகத்தில் அய்யர் மூக்கு முளைத்து, பச்சைப் பச்சையாக உருகி ஓடும். அடுத்த முழுப்படம் வந்ததும் தானாகத் தெளிந்துவிடும். அதைப் பார்த்து கேசட் காலம் மாதிரி 'ஹெட் அழுக்கு' என்று யாரும் துடைக்கப் போகவேண்டாம்.

சுருக்கும் வித்தை வருஷாவருஷம் முன்னேறியது. 1993ல் வந்த வீடியோ சிடியில் படம் 352க்கு 288 புள்ளிதான். ஒரு சிடியில் 74 நிமிஷம். அதனால்தான் தமிழ்ப் படமெல்லாம் இரண்டு, மூன்று சிடியாக வந்தது. (இரண்டாவது சிடி கீறல் விழுந்து க்ளைமாக்ஸ் தெரியாமலே போனவர்கள் ஒரு தலைமுறை.) அந்த சிடியில் ஃபைல் 'டாட்' என்ற வாலோடு இருக்கும். வாலை 'எம்.பி.ஜி.' என்று மாற்றினால் பல கம்ப்யூட்டர்களில் டக்கென்று ஓடியது. காரணம், உள்ளே இருந்தது எம்பெக் பாஷையேதான். 'ரீநேம் பண்ணா ஓடும்' என்ற மூடநம்பிக்கை அங்கே பிறந்தது என்பது என் சந்தேகம். இன்றைக்கும் எம்.கே.வி.யை எம்பி4 என்று மாற்றிவிட்டு ஊதுபத்தி கொளுத்தாத குறையாகக் காத்திருக்கிறார்கள். தெலுங்கு லெட்டருக்குத் தமிழ் விலாசம் எழுதினால் உள்ளே தமிழாகிவிடுமா?

2003ல் எச்.264 என்று ஒரு பாஷை வந்தது. இதைத் தெரியாத கம்ப்யூட்டர் இன்று அநேகமாக இல்லை. தகராறெல்லாம் 2013ல் வந்த அதன் தம்பி எச்.265, அதாவது எச்.ஈ.வி.சி.யால். அதே தரத்துக்குப் பாதி இடம் போதும், கெட்டிக்காரன். 2017ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன்கள் இதிலேயே படம் எடுக்க ஆரம்பித்தன. ஆனால் இந்தத் தம்பிக்குச் சொந்தக்காரர்கள் ஜாஸ்தி. பேட்டன்ட் வைத்திருக்கிற கம்பெனிகள் ஒரு கூட்டணியாக அல்ல, மூன்று கூட்டணியாகப் பிரிந்து தனித்தனியே ராயல்டி கேட்டன. நம்மூர்க் கூட்டணிகளே தேவலை. விளைவு, விண்டோஸில் இந்த வீடியோவை க்ளிக் செய்தால் பல மெஷின்களில் 'எக்ஸ்டென்ஷன் வாங்கு' என்று கடைக்கு அனுப்புகிறது. அமெரிக்க விலை 99 சென்ட். பைசா பெரிசில்லை. ஆனால் நம் தங்கை கல்யாணத்தை நாமே பார்க்க எதற்கு டிக்கெட்?

வாங்கவேண்டாம். வி.எல்.சி. என்று ஆரஞ்சுக் கூம்பு போட்ட இலவச சாஃப்ட்வேர் இருக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டால் அநேகமாக எல்லா பாஷையும் படித்துவிடும். அதில் கண்ட்ரோல் ஜே அழுத்தினால், உள்ளே இருப்பது என்ன பாஷை என்று பட்டியல் காட்டும். வைத்தியத்துக்கு முன் நாடி பார்ப்பது அதுதான்.

இந்தக் கூம்புக்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. பாரிஸ் அருகே ஒரு இன்ஜினீயரிங் காலேஜ், எக்கோல் சென்ட்ரால். 90களின் நடுவில் ஹாஸ்டல் பையன்களுக்கு ஒரு குறை: காம்பஸ் நெட்வொர்க் மந்தம், கம்ப்யூட்டர் கேம்ஸ் ஆடமுடியவில்லை. அதைச் சொல்லிக் காசு கேட்டால் யார் தருவார்? ஆகவே நெட்வொர்க் வழியாக சாட்டிலைட் டி.வி.யை ரூமுக்கு ரூம் அனுப்பப் போகிறோம் என்று ப்ராஜெக்ட் போட்டார்கள். 1996ல் தொடங்கியது. 2001ல் மூல நிரலோடு உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். ஐகானில் இருக்கும் கூம்பு, மாணவர் சங்கத்தார் ராத்திரி உலாத்தலில் சாலையோரத்திலிருந்து பொறுக்கி வந்து சேர்த்துவைத்த டிராஃபிக் கூம்புகளின் ஞாபகார்த்தம். ஃபிரான்ஸில் சாஃப்ட்வேர் பேட்டன்ட் செல்லாது என்பது அவர்கள் கட்சி. ஆகவே ராயல்டித் தலைவலி இல்லை. 2025 ஜனவரியில் 600 கோடி டவுன்லோடு தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள்.

நம் நாட்டில் 2022 பிப்ரவரியிலிருந்து சில மாதம் இந்த வி.எல்.சி.யின் வெப்சைட்டே திறக்கவில்லை, தெரியுமோ? சர்க்கார் முடக்கியிருந்தது. காரணத்தை வெளியே சொல்லவில்லை. அக்டோபரில் வி.எல்.சி.காரர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, நவம்பரில் திறந்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் நம் ஆட்கள் என்ன செய்திருப்பார்கள்? கூகுளில் தேடி, கிடைத்த ஏதோ ஒரு சைட்டிலிருந்து இறக்கியிருப்பார்கள். என் கவலை அங்கேதான். 'இந்த கோடெக் பேக் போட்டால் எல்லா வீடியோவும் ஓடும்' என்று கண்சிமிட்டும் விளம்பரங்களில் வீடியோ ஓடுகிறதோ இல்லையோ, வைரஸ் ஓடும். வீடியோலேன் அமைப்பின் சொந்த சைட்டிலிருந்து மட்டும் எடுங்கள்.

நொண்டுகிற மூன்றாவது கேஸ். 2011ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிற வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. அதில் எச்.265 வீடியோவைப் போட்டால் மூச்சு வாங்கும். இந்தப் பாஷையைச் சில்லுக்குள்ளேயே படிக்கிற வசதி 2015 வாக்கில்தான் லேப்டாப்களில் வர ஆரம்பித்தது. பழைய மெஷினை ஏசுவது நியாயமில்லை. வி.எல்.சி.யில் கண்ட்ரோல் ஆர் அழுத்தி எச்.264ஆக மாற்றி ஒரு காப்பி எடுத்துக்கொள்ளலாம். ஒரிஜினலை மட்டும் அழிக்காதீர்கள். மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் தரம் போகும், போனது வராது. ஐபோன் வைத்திருப்பவர்கள் கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைத்துக்கொண்டால் சண்டையே வராது.

சிசிடிவி தனி ஜாதி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபாக்டரி. லாரி ரிவர்ஸ் எடுத்ததில் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவருக்குக் கால் நசுங்கிவிட்டது. தப்பு யார் மேல் என்பதற்கு கேட் கேமராதான் சாட்சி. சூபர்வைசர் அக்கறையாக பென் டிரைவில் காப்பி எடுத்துக் கொடுத்தார். வீட்டில் போட்டால் வி.எல்.சி.யே கையை விரித்தது. அந்த ரெக்கார்டர்கள் பலதும் தமக்கென்று ஒரு கவரில் எழுதும். அந்தக் கம்பெனி ப்ளேயர் இருந்தால்தான் திறக்கும். இன்னொரு ஆபத்து, ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போய்விடும். ஓடலையே என்று பத்து நாள் யோசித்திருந்தால் ரெக்கார்டரில் விபத்தே இருந்திருக்காது. நல்லவேளை, மறுநாளே திரும்பப் போய் எக்ஸ்போர்ட் மெனுவில் ப்ளேயரையும் சேர்த்து எடுத்துவந்தார்கள். யாரோ எம்பி4 ஆக்கித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றேன். பார்ப்பதற்கு எம்பி4 சரி. கோர்ட்டுக்கு ஒரிஜினல் வேண்டும். 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டம், 63வது பிரிவில், எலெக்ட்ரானிக் சாட்சிக்கு ஹாஷ் எண்ணோடு சர்டிபிகேட் கேட்கிறது. ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை. ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும்.

இனி நான்காவது. சைஸ் நிஜமாகவே பூஜ்யமென்றால் அந்த ஃபைலில் ஒன்றுமில்லை. கார்டில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் வெளியே எடுத்துவிட்டு ஃபோட்டோரெக் மாதிரி இலவச மீட்பு சாஃப்ட்வேர்களை ஓடவிட்டுப் பார்க்கலாம். கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் சைஸ் பெரிசாக இருந்தும் எதிலும் திறக்கவில்லை என்றால், தயவுசெய்து டெலீட் செய்யாதீர்கள்.

காக்களூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் எங்கள் தெருப் பையன் ஒருவன் கொண்டுவந்தது அப்படி ஒரு கேஸ். தாத்தாவின் சதாபிஷேகத்தன்று மொட்டைமாடியில் அவரை உட்காரவைத்து, பழைய கதையெல்லாம் சொல்லச் சொல்லி போனில் எடுத்திருக்கிறான். நடுவில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. அப்புறம் எடுத்துக்கலாம் தாத்தா என்றிருக்கிறான். மூன்று வாரத்தில் தாத்தா போய்விட்டார். ஃபைல் 1.3 ஜி.பி. நீளம் பூஜ்யம் செகண்ட். கடையில் காட்டியதற்கு 'கரப்ட், அழிச்சுடு தம்பி' என்றார்களாம்.

இங்கே பாஷைத் தகராறு இல்லை. எம்பி4 ஃபைலில் 'மூவ்' என்று ஒரு பகுதி உண்டு. எந்தப் படம் எங்கே ஆரம்பம், சத்தம் எங்கே என்கிற அட்டவணை. ரெக்கார்டிங் முடித்து பட்டனை அழுத்திய பிறகுதான் பெரும்பாலான போன்கள் அதைக் கடைசியில் எழுதும். ரயிலில் எல்லோரும் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது, ரிசர்வேஷன் சார்ட் மட்டும் அச்சாகவில்லை. டி.டி.ஈ. வண்டியே காலி என்கிறார்!

'அன்ட்ரங்க்' என்று ஒரு இலவச ப்ரோக்ராம் இருக்கிறது. அதே போனில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று கொடுத்தால், அதைப் பார்த்து சார்ட்டை ஊகித்து எழுதும். எல்லா ஃபைலுக்கும் பலிக்காது. அந்தப் பழைய போன், கண்ணாடி உடைந்து அலமாரியில் கிடந்தது. சார்ஜ் போட்டு, சுவரை அரை நிமிஷம் படம் எடுத்தான். தாத்தா ஃபைலுக்குக் காப்பி எடுத்து, காப்பியை மட்டும் ப்ரோக்ராமுக்குக் கொடுத்தோம். பன்னிரண்டு நிமிஷத்தில் ஒன்பது தேறியது. கடைசிப் பக்கம் வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்.

அந்த ஒன்பதில் முதல் நாலு நிமிஷம் தாத்தா கதையே சொல்லவில்லை. "விழுதாடா? செவப்பு லைட்டு எரியுதா பாரு. என்னாத்த சொல்றது... டேய், நல்லா பாரு, விழுதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேமராவுக்குப் பின்னாலிருந்து இவன், "விழுது தாத்தா, நீ பேசு, விழுது" என்கிறான்.

"அந்த நாலு நிமிஷத்தை வெட்டிடலாமாண்ணா?" என்று கேட்டான். பாட்டியிடம் காட்டிவிட்டு வெட்டு என்றேன். மறுநாள் வந்தான். பாட்டி, முழுசாக டி.வி.யில் போட்டுத் தரச் சொன்னார்களாம்.