குதிரைத்திறன் மட்டும் போதுமா?



"மசில் கார் என்றாலே என்ஜின்தான், ஐயா! மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

மாணவன் ஒருவனின் தந்தை அமெரிக்கக் காணொலி ஒன்றைக் காட்டி இவ்வாறு கூறினார். சாலையிலும் பந்தயத் தடத்திலும் ஓட்டுவதற்காகப் பழைய கமாரோ ஒன்றில் புதிய என்ஜினை இறக்குகிறார்கள். பிரேக்கைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை! மகனோ கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அக்கருத்து பிழையானது, உயிருக்கு உலை வைக்கும் பிழை.

1967-ஆம் ஆண்டின் அடிப்படைக் கமாரோவில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். எடையோ 1,300 கிலோவுக்கும் மேல். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அவ்வளவையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். பந்தயத் தடத்தில் வளைவுக்கு வளைவு மிதித்தால் டிரம் சூடேறி விரியும், மிதி ஆழமாக இறங்கும், கார் நிற்காது. அதே காரில்தானே மறுநாள் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வார்கள்?

"அந்தக் காலத்தில் அப்படித்தானே ஓட்டினார்கள்?" என்பார் சிலர். இல்லை! அந்தக் காலத்து வல்லுநர்களே அப்படி ஓட்டவில்லை. 1965-இல் கேரல் ஷெல்பி, மஸ்டாங்கை ஜி.டி.350 ஆக மாற்றியபோது என்ஜினை மட்டுமா தொட்டார்? முன்புற மேற்கைகளின் பிணைப்பை ஓர் அங்குலம் கீழிறக்கினார். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தார். 1967-இல் 602 கார்கள் மட்டுமே விற்பனையான கமாரோ இசட்28-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் என்ஜின் 302 கன அங்குலம். அதே ஆண்டு 396 கன அங்குல என்ஜினுடனும் கமாரோ கிடைத்தது. ஆயினும் இசட்28 வாங்குவோர் முன்புற டிஸ்க் பிரேக்கையும் சேர்த்தே வாங்கியாக வேண்டும் என்பது நிபந்தனை. எந்திரவியல் பயின்ற பொறியாளரான மார்க் டோனஹியூ, கமாரோவை ஓட்டி 1968, 1969 ஆகிய ஈராண்டும் டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடரில் வாகை சூடினார்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் பிரேக், இருக்கைவார், அடுத்து ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங், பிறகு நல்ல ரேடியல் டயர், பின்னர் குளிரூட்டும் அமைப்பு. என்ஜின் கடைசி. "என்ஜின்தானே காரின் உயிர்?" என்று கேட்கலாம். அந்த வி8 முழக்கம் எனக்கும் பிடிக்கும். ஆனால் நிற்கத் தெரியாத காருக்கு ஓடும் தகுதி கிடையாது!

இன்னொன்று. பழைய விளம்பரங்களில் கண்ட குதிரைத்திறன் எண்களே முழு உண்மை அல்ல. என்ஜினைத் தனியே மேடையில் ஏற்றி, துணைக்கருவிகளைக் கழற்றிவிட்டு அளந்த எண்கள் அவை. 1972-ஆம் ஆண்டு மாடல்கள் முதல், துணைக்கருவிகளுடன் அளந்த எண்கள் வந்தன. எண்கள் சட்டெனக் குறைந்தன.

ஓர் எண்ணைக் கண்டு மயங்கும் நோய் கார்ப் பிரியர்களுக்கு மட்டும் உரியதா? நம் நாட்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. "எத்தனை ஏ?" என்று கேட்கும் பழக்கம் நம்மில் பலரை விட்டு இன்னும் அகலவில்லை. பிள்ளையின் பொறுமையையும் தன்னடக்கத்தையும் நாம் கேட்பதே இல்லை.

அந்தத் தந்தைக்கு என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த முறை மகனோடு அக்காணொலியைப் பார்க்கும்போது, "இந்தக் கார் எப்படியப்பா நிற்கும்?" என்று அவனிடம் கேளுங்கள். நல்லதோர் அறிவியல் பாடம் அங்கே தொடங்கும்.