நாண் பாடும் ஊர்



தளவாய்புரத்தில் அக்கா வீட்டுக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. சுற்றிலும் நைட்டி தைக்கும் மெஷின்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே ஒன்பதாவது படிக்கும் மருமகன் கேட்டான்: “மாமா, கணக்குல வர்ற கார்டும் கிடார்ல வர்ற கார்டும் ஒண்ணா?” எனக்கு முதலில் ரேஷன் கார்டுதான் ஞாபகம் வந்தது.

ஒன்றில்லை. இங்கிலீஷில் எழுத்து (chord) ஒன்று, பிறப்பு வேறு. கணக்கில் வருவது, தந்தியைக் குறித்த பழைய கிரேக்க, லத்தீன் சொல். பாட்டில் வருவது ‘அக்கார்டு’. இசைவு என்று பொருள். அதன் தலை உதிர்ந்துபோய் மிச்சம் நின்றது. ஆர்மோனியத்தில் ச, க, ப மூன்றையும் ஒருசேர அழுத்திப் பாருங்கள், அந்த இசைவு தெரியும். பிற்பாடு கணக்குச் சொல்லைப் பார்த்து இதற்கும் நடுவில் ஓர் எழுத்தைச் செருகிவிட்டார்கள்.

தமிழில் இந்தத் தகராறே கிடையாது. யாழுக்கு நரம்பு, வில்லுக்கு நாண். வட்டத்தில் வெட்டிய வளைவு வில். அதன் இரு முனைகளையும் சேர்க்கும் கோடு நாண். இடுப்பில் கட்டும் அரைஞாணும் இதே சொல்தான். 499-இல் ஆரியபட்டர் வாய்பாடு போட்டது பாதி நாணுக்கு. நாணைக் குறித்த வடமொழிச் சொல் ‘ஜீவா’ அரபிக்குப் போய் ‘ஜீபா’ ஆயிற்று. அதை ‘ஜைப்’ என்று தப்பாகப் படித்து, ஆடை மடிப்பு என்று அர்த்தம் பண்ணி, லத்தீனில் ‘சைனஸ்’ என்றார்கள். பிள்ளைகள் உருப்போடும் சைன் அதுதான். ஒரு தப்பு இவ்வளவு காலம் வாழ்ந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

அன்று ராத்திரி சங்கரன்கோவில் பக்கம் ஒரு கோயில் கொடைக்கு அவனைக் கூட்டிப்போனேன். வில்லுப்பாட்டு. குடத்தின் கழுத்தில் வில்லின் வயிறு உட்கார்ந்திருக்க, மேலே விறைப்பாகத் தோல் நாண். வீசுகோல் விழுந்ததும் நாண் அதிர்ந்தது. வில்லில் கட்டிய வெண்கல மணிகள் கூடவே சிலிர்த்தன. கணக்குப் புத்தகத்தில் வாய் திறக்காத கோடு, இங்கே ராத்திரி முழுக்கக் கதை சொல்கிறது.

“குடம் சரியா நடுவுல இருக்கு மாமா. அங்கருந்து செங்குத்துப் போட்டா நாண் ரெண்டு பாதியாயிரும்” என்றான் காதோரமாக.

மறுநாள் அவன் நோட்டில் வில், நாண், செங்குத்துக் கோடு எல்லாம் சரியாக இருந்தன. கீழே ஒரு குடமும் வரைந்திருந்தான். குடத்துக்கு மார்க் கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்புடன்,
ஆசிரியர்