ஏறியது ஆக்சிஜன், பிழைத்தாரா நோயாளி?

வென்டிலேட்டரில் கிடக்கும் நோயாளியை ஆராய்ச்சிக்கு உட்படுத்துவது அநீதி, அங்கே பேச வேண்டியது மருத்துவரின் அனுபவமே தவிரப் புள்ளிவிவரம் அல்ல என்று தன் முப்பதாண்டுப் பணியைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு ஒரு மருத்துவர் கட்டுரை எழுதியிருக்கிறார். படிக்க உருக்கமாக இருக்கிறது. அந்த உருக்கத்தை உரித்தெடுத்தால் வாதம் என்று கையில் எதுவும் மிஞ்சவில்லை.

மானிட்டரில் ஆக்சிஜன் ஏறுவதைக் கண்ணால் பார்க்கிறேன், இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்கிறார். இக்கேள்விக்கு 2000-ஆம் ஆண்டிலேயே விடை கிடைத்துவிட்டது என்பது முப்பதாண்டு ஐசியுவில் நின்றவருக்குத் தெரியாமல் போனது எப்படி? அமெரிக்காவின் ஏஆர்டிஎஸ் நெட்வொர்க், ஏஆர்டிஎஸ் எனப்படும் கடும் நுரையீரல் செயலிழப்புக்கு ஆளான 861 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பழைய வழக்கப்படி மூச்சொன்றுக்குக் கிலோவுக்கு 12 மில்லி காற்றும் மறுபிரிவுக்கு 6 மில்லியும் கொடுத்தது. முதல் சில நாள்களில் ரத்த ஆக்சிஜன் எந்தப் பிரிவில் மேலாக இருந்தது? அதிகக் காற்று பெற்ற பிரிவில். அதிகம் பேர் இறந்தது எதில்? அதே பிரிவில்தான்: 39.8 சதவீதம். குறைந்த காற்று பெற்றவர்களிலோ 31 சதவீதம். பாதிக்கப்பட்ட நுரையீரலில் காற்று வாங்கும் நிலையில் எஞ்சியிருப்பது சிறு பகுதியே. முழு நுரையீரலுக்கான காற்றை அதற்குள் திணித்தால் அன்றைக்கு எண் ஏறும், திசு கிழியும், அழற்சி மற்ற உறுப்புகளுக்கும் பரவும். கட்டுரையாளர் பெருமையோடு காட்டும் அந்த எண், நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது உயிர்களை மறைத்துக்கொண்டு நின்ற எண்.

வெளிநாட்டுக் கணக்கு நம் உடலுக்குப் பொருந்தாது என்பது அடுத்த வாதம். அந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்த்திருந்தால் இதை எழுத அவருக்குக் கை வந்திருக்காது. எத்தனை மில்லி என்பதைத் தீர்மானிப்பது தராசு காட்டும் எடை அல்ல, உயரம். உடல் பருத்தால் நுரையீரல் பெரிதாகிவிடுவதில்லை. 150 செ.மீ. உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்மணியைப் படுக்கையோடு டேப் வைத்து அளந்தால், கணக்கில் அவர் எடை 43 கிலோதான்; கிலோவுக்கு 6 மில்லி வீதம் அவருக்குரிய காற்று சுமார் 260 மில்லி. கண்மதிப்பில் 70 என்று எடுத்துக்கொண்டு கிலோவுக்கு 10 மில்லி வைத்தாலே 700! நம் உடலை மதிப்பது டேப்பா, இவருடைய கண்மதிப்பா? சரி, உள்நாட்டு ஆய்வு வேண்டும் என்றால், 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐசிஎம்ஆர் 39 மருத்துவமனைகளில் 464 கோவிட் நோயாளிகளிடம், குணமானவர்களின் பிளாஸ்மாவை ஏற்றும் சிகிச்சையைச் சோதித்து, பலனில்லை என்று சொன்னதே, அதை ஏற்றாரா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த முடிவு வந்த பிறகும் எத்தனை குடும்பங்கள் பிளாஸ்மாவுக்காக நள்ளிரவில் ஊரெல்லாம் போன் போட்டுக் கெஞ்சின!

சாகக் கிடப்பவர்மேல் பூவா தலையா போடுவதா என்று கொதிக்கிறார். எது சரி என்று எவருக்கும் தெரியாத இடத்தில் மட்டுமே அது போடப்படுகிறது. அதிவேகச் சிற்றலைகளாகக் காற்றைச் செலுத்தும் வென்டிலேட்டர் முறை நுரையீரலைக் காக்கும் என்று தேர்ந்த கைகளெல்லாம் நம்பியிருந்த காலத்தில், ஆஸிலேட் ஆய்வு அதைச் சோதித்தது. மருத்துவமனையில் இறந்தவர்கள் அந்த முறையில் 47 சதவீதம், வழக்கமான முறையில் 35. கண்காணிப்புக் குழு சொன்னதால் 548 பேரோடு ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013-இல் முடிவு வெளியானது. ஆய்வுக்குள் இருந்த நோயாளிக்கு நிறுத்தச் சொல்ல ஒரு குழு இருந்தது. கட்டுரையாளரின் பிரிவில் அவரை நிறுத்தச் சொல்ல யார் இருக்கிறார்கள்? இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு: ஏஆர்டிஎஸ் நெட்வொர்க் ஆய்வின் அந்த 12 மில்லி நியாயமான ஒப்பீடுதானா என்று அமெரிக்க ஆய்வாளர்களே கேட்டார்கள், விசாரணையும் நடந்தது. அதை எழுப்பியிருந்தால் மரியாதையோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம். ஆனால் அதற்கு மூல ஆய்வைப் படித்திருக்க வேண்டுமே!

முரண்பாட்டின் உச்சம் இனிமேல்தான். அனுபவ ஞானத்துக்குச் சான்றாக அவர் காட்டும் இரண்டு, குப்புறப் படுக்கவைப்பதும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும். குப்புறப் போட்டால் ஆக்சிஜன் ஏறும் என்பது 1970-களிலேயே தெரியும். 2001-இல் வெளிவந்த இத்தாலிய ஆய்விலும் ஏறியது, உயிரிழப்பு மட்டும் குறையவில்லை. நோய் முற்றியவருக்கு மட்டும், ஒரு தடவைக்குப் பதினாறு மணி நேரமாவது என்று வரையறுத்துச் சோதித்த புரோசேவா ஆய்வுதான் 2013-இல் 28 நாள் இறப்பை 32.8 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்துக் காட்டியது. யாருக்கு, எவ்வளவு நேரம் என்பதை எந்த அனுபவம் சொன்னது? டெக்ஸாமெத்தசோன் கதையும் இதுவே. கோவிட் நோயாளிகளிடம் நடந்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு 41.4-இலிருந்து 29.3 சதவீதமாக இறங்கியது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ பலன் இல்லை, தீங்கின் சாயல்கூடத் தெரிந்தது. கோவிட் இரண்டாம் அலையில் லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு எழுதித் தள்ளியவர்கள் முடிவின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை வீசியெறிந்தவர்கள். அந்த ஸ்டீராய்டால் எதிர்ப்பாற்றல் குன்றிக் கருப்புப் பூஞ்சைக்குக் கண்ணைப் பறிகொடுத்த சர்க்கரை நோயாளிகளிடம் போய்ச் சொல்லட்டும், அனுபவமே போதும் என்று.

கட்டுரையாளருக்கு இவ்வளவு ஆவேசம் எதற்கு? பிழைத்தவர் இனிப்புப் பெட்டியோடு திரும்பி வருகிறார், இறந்தவர் வருவதில்லை. அந்த ஒருபக்கக் கணக்கில் சேர்ந்த புகழை யாரும் எண்ணிப் பார்த்துவிடக் கூடாது என்ற அச்சம்தான். 2016-இல் வெளியான, 50 நாடுகளைத் தழுவிய லங் சேஃப் ஆய்வில், ஏஆர்டிஎஸ் நோயாளிகளில் மருத்துவர்கள் அடையாளம் கண்டது சுமார் 60 சதவீதம் பேரைத்தான். நோய் முற்றியவர்களில் குப்புறப் படுக்கவைக்கப்பட்டவர்கள் 16.3 சதவீதம். நமக்கு இன்று இருக்கும் சிக்கல் ஆராய்ச்சி மிகுந்துபோனது அல்ல, அதன் முடிவு படுக்கைவரை வந்து சேராதது. அப்படிச் சேராமல் தடுப்பவர்களுக்குத்தான் இக்கட்டுரை கைகொடுக்கிறது. கட்டுரையாளர் தன் பிரிவில் சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு உயரம் அளக்கப்பட்டது, எத்தனை பேர் குப்புறப் படுக்கவைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற மூன்று எண்களை வெளியிடட்டும். அவருடைய அனுபவத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.