மறுமுனையில் யார்?

போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த மகன், பாரிவாக்கம் வீட்டில் ஃபயர்வால் உள்ள புது ரவுட்டர் ஒன்றை மாட்டினான். "ஆளாளுக்கு போன்ல ஆப் போட வேண்டாம்ப்பா. ரவுட்டர்லயே விபிஎன் போட்டுட்டேன், இனி வீடு முழுக்க பாதுகாப்பு" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனான். மறுநாள் பென்ஷன் வந்ததா என்று பார்க்கப் போனால், வெளிநாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று வங்கித் தளம் கதவைச் சாத்திவிட்டது. வீட்டுக்காரிக்கு மத்தியான சீரியல் வரவில்லை. அவள் பார்த்த பார்வைக்கு வங்கி எவ்வளவோ தேவலை.

தொலைபேசி இலாகாவில் முப்பது வருடம் ஓட்டியவன் நான். வங்கிகளுக்கு லீஸ்டு லைன் கொடுத்திருக்கிறோம். கிளையிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு மட்டும் போகும் தனித் தடம். விபிஎன் அதற்கு மாற்றாக, பொது இணையத்துக்குள்ளேயே பூட்டுப் போட்டு ஓட்டும் தடம். இரண்டு முனையும் யாருடையது என்று தெரிந்தால்தான் அதற்கு அர்த்தம். மகன் போட்டதில் மறுமுனை சிங்கப்பூரில், மாதச் சந்தா வாங்கும் ஏதோ ஒரு கம்பெனி.

பாதுகாப்பு என்கிறார்களே, யாரிடமிருந்து? வங்கித் தளத்துக்கும் நமக்கும் நடுவே எச்டிடிபிஎஸ் பூட்டு ஏற்கெனவே இருக்கிறது. நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது இதுவரை உள்ளூர் இணையக்காரருக்குத் தெரிந்தது. இப்போது சிங்கப்பூர்க்காரருக்குத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம். ஓடிபி கேட்டு ஏமாற்றுகிறவனை எந்த விபிஎன்னும் தடுக்காது.

2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் கம்பெனிகள் சந்தாதாரரின் பெயர், முகவரி, கொடுத்த ஐபி எண் எல்லாவற்றையும் ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். அலுவலகங்களின் சொந்த விபிஎன்னுக்கு இது கிடையாது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன் மூன்றும் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. ஒரு குற்றமும் செய்யாதவன் விவரத்தையும் ஐந்து வருடம் வை என்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் வைக்க நினைத்தால் வைக்க முடிகிற இடத்தில்தான் அந்தக் கம்பெனிகள் உட்கார்ந்திருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

மகனை போனில் பிடித்தேன். கோளாறு ஒரே வரியில் இருந்தது. வயர்கார்டு அமைப்பில் 'அலவ்டு ஐபிஸ்' என்ற இடத்தில் 0.0.0.0/0 என்று போட்டிருந்தான். வீட்டிலிருந்து கிளம்புவது எல்லாமே சுரங்கத்துக்குள் போகட்டும் என்று அர்த்தம். சந்தாவை நிறுத்தச் சொன்னேன். "மறுமுனையை உன் வீட்டுக்கே வைடா, பேத்தி போட்டோ இருக்கிற டிஸ்க் அங்கேதானே இருக்கு?" என்றேன். அவன் வீட்டில் நிலையான ஐபி இருப்பதால் இங்கிருந்து அங்கே கூப்பிடுவது சுலபம். அதிலும் ஒரு சிக்கல்: இரண்டு வீட்டிலும் ஒரே 192.168.1 வரிசை. எந்த வீட்டுப் பொட்டி என்று ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? இங்கே 192.168.7 ஆக்கினோம். சுரங்கத்தில் அவன் வீட்டு எண்கள் மட்டும். அங்கிருந்து இங்கே எதுவும் தானாக உள்ளே வராதபடி ஃபயர்வாலில் ஒரு தடையும் போட்டாயிற்று. பெற்ற பிள்ளைதான், இருந்தாலும் அவன் வீட்டில் மலிவு கேமரா நாலு இருக்கிறது.

பென்ஷன் ஒன்றாம் தேதியே வந்திருந்தது. சீரியலில் இரண்டு எபிசோடு போய்விட்டதை மட்டும் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.