இரண்டு சம்பளம் போன வீடு

வேலூர்ப் பக்கம் ஒரு காலனி. தெருவுக்கு நாலு பட்டாளத்து வீடு இருக்கும் மாவட்டம் இது. வேறொரு வேலையாகப் போனபோது அந்த அக்காவைச் சந்தித்தேன். வயது நாற்பதுக்குள். கணவர் ராணுவத்தில் ஓட்டுநர். பணியில் இருக்கும்போது மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து தலையில் அடி. உயிர் பிழைத்தார். இப்போது வலிப்பு வருகிறது. காலையில் சொன்னது மதியம் நினைவில் இல்லை. கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிகிறார். ஒருநாள் கேஸைத் திறந்துவிட்டு, பற்றவைக்க மறந்து தெருவுக்குப் போய்விட்டார்.

மறுவாரமே அக்கா ஷூ கம்பெனி வேலையை விட்டார். மேல்தோல் தைக்கும் வேலை. மாதம் 11,000 ரூபாய், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. காலனியிலேயே நல்ல வேலை என்று பேர் வாங்கியது.

"பென்ஷன் வருதே, உனக்கு இன்னா கொறைச்சல்னு கேக்கறாங்க மேடம். நானும் ஒண்ணும் சொல்றதில்ல. குழுக்கடன் கட்டறது எனக்குத்தானே தெரியும்."

தெருவில் கேட்பது நியாயமான கேள்விதான். நம் ஆட்களில் எத்தனை பேருக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது? ஆகவே கணக்கைப் பார்ப்போம். மருத்துவ வாரியம் அவருக்குப் போட்டது 60 சதவீத ஊனம். பென்ஷனுக்காக அதை 75 என்று உயர்த்தி எடுத்துக்கொள்வார்கள். 100 சதவீதத்துக்கு ஊனப் பங்கு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், 75க்கு 22.5 சதவீதம். பணிக்கால ஓய்வூதியம் தனி. இதே அடி போரில் பட்டிருந்தால் 'போர்க் காயம்' என்று ஊனப் பங்கு பல மடங்கு கூடியிருக்கும். கேஸைத் திறந்துவிட்டுப் போகிறவருக்கு அந்த வேறுபாடு தெரியாது, அவர் பின்னால் ஓடுகிறவருக்கும் தெரியாது.

இந்தக் கணக்கு முழுக்க அவர் இழந்த சம்பளத்துக்கானது. அந்த வீட்டில் போனதோ இரண்டு சம்பளம். இரண்டாவதுக்கு எந்தக் கோப்பிலும் இடமில்லை.

இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. உதவியாளர் படி என்று ஒன்று உண்டு. 4,500 ரூபாயாக இருந்ததை 2017 ஜூலை முதல் 6,750 ஆக்கினார்கள். அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் இது 25 சதவீதம் கூட வேண்டும் என்பது விதி. அப்படிக் கூட்டினாலும் நாளுக்குச் சுமார் 281 ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நூறுநாள் வேலைக் கூலியே 319 ரூபாய். அந்த வேலைக்குப் போனால் சாயங்காலம் வீடு திரும்பலாம். அக்காவுக்கு இரவும் பணி நேரம்தான்.

அந்த 281ம் அவருக்குக் கிடையாது. படி 100 சதவீத ஊனத்துக்கு மட்டும். அதோடு உதவியாள் தேவை என்று மருத்துவ வாரியமும் எழுத வேண்டும். உடம்பு அசையாமல் படுத்திருப்பவருக்கு ஆள் தேவை என்பது வாரியத்துக்குப் புரிகிறது. நடமாடிக்கொண்டே ஆபத்தை இழுத்துக்கொள்பவரை 60 என்கிற எண் எப்படிக் காட்டும்? கிடைக்கிறவர்களுக்கும் படி வருவது பென்ஷன்தாரர் பெயரில். பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பெயர் அதில் இல்லை. பத்து வருடம் பார்த்தாலும் அவருக்கு ஒரு மாத பி.எஃப். சேராது.

வசதியான வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் ஆள் வைத்துக்கொள்வார்கள். அப்படி வருகிற ஆள் யார்? பெரும்பாலும் நம் தெருப் பெண்தான். மலம் எடுக்க, உடம்பு துடைக்க, இரவு விழிக்க. அங்கே குறைந்த சம்பளம், இங்கே சம்பளமே இல்லை. மலம் அள்ளுவதைப் பிறப்பின் கடமையாக்கியதை எதிர்த்துப் பேசும் நாம், கல்யாணத்தின் கடமை என்று அது வீட்டுக்குள் வரும்போது "பொறுமைசாலி" என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 2010இல் ஒரு சட்டம் வந்தது. படுகாயமுற்ற முன்னாள் படைவீரரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தவருக்கு மாத உதவித்தொகை நேரடியாக அவர் கைக்கே போகும். வேறு காப்பீடு இல்லையென்றால் மருத்துவக் காப்பீடும், அவர் ஓய்வெடுக்க மாற்று ஏற்பாடும் உண்டு. தொடக்கத்தில் 2001 செப்டம்பர் 11க்குப் பின் காயமுற்றவர்களின் குடும்பங்களுக்கு மட்டும்தான்; வியட்நாம் காலத்தவர்கள் 2018 சட்டத் திருத்தத்துக்கும், அதன் பிறகு 2020 வரைக்கும் காத்திருந்தார்கள். அந்த நாட்டின் போர்களைப் பற்றி நமக்கு வேறு கருத்து உண்டு. ஆனால் பராமரிப்பவரைத் தனி ஆளாகப் பார்த்துப் பணம் கொடுக்க முடியும் என்பதற்கு அது சான்று. இங்கேயும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பராமரிப்பாளர் படியைக் குறிப்பிடுகிறது. சொல் சட்டத்தில் இருக்கிறது, பணம்தான் வீடு வந்து சேரவில்லை.

2022இல் வந்த அக்னிபத் இதை இன்னும் மோசமாக்கும். பணியால் ஊனமுற்ற அக்னிவீரருக்கு ஊன அளவைப் பொறுத்து 44, 25 அல்லது 15 லட்சம் ஒரே தடவை; நான்காண்டில் மிச்சமுள்ள சம்பளமும் சேவாநிதியும் சேரும். மாதப் பென்ஷன் கிடையாது. கேட்க பெரிய தொகைதான். 21 வயதில் முதுகுத்தண்டு உடைந்தவன் இன்னும் நாற்பது வருடம் வாழலாமே, அதற்குப் பிரித்துப் பாருங்கள். சேரும்போது மணமாகியிருக்கக் கூடாது என்பதால் அங்கே வேலையை விடப்போவது மனைவி அல்ல, அம்மா. கூலிக்குப் போகிற அம்மா.

பராமரிப்பவர் பெயரிலேயே படி வேண்டும். 100 சதவீத வரம்பு போக வேண்டும். வீட்டில் கழிந்த ஆண்டுகளுக்கு அரசு பி.எஃப். கட்ட வேண்டும். கேட்க வேண்டியவை இவை.

இப்போதைக்கு அக்காவின் கணவருடைய ஊன அளவை மறுபரிசீலனை செய்யக் கோரி மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். வலிப்பு வந்த தேதிகளைக் காலண்டரில் குறித்து வைக்கச் சொன்னேன். "நாலு வருஷமா குறிச்சிதான் மேடம் வெச்சிருக்கேன்" என்று பரண்மேலிருந்து பழைய தினசரிக் காலண்டர்களை இறக்கினார். ஒரு கட்டு இருக்கிறது. உட்கார்ந்து வரிசைப்படுத்த இரண்டு சட்ட மாணவர்கள் வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.